லிட்டருக்கு வரியா, சர்க்கரைக்கு வரியா? குளிர்பானம் வாங்குபவர் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

சர்க்கரை வரி வருகிறது என்றதும் பாட்டில் விலை எவ்வளவு ஏறும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். வரியின் அளவைப் பார்த்தால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. வரியை எதன்மீது சுமத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாட்டிலில் உள்ள பானத்தின் அளவுக்கு வரி போடுவது எளிய வழி. மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ விதித்தது. அது அன்றைய விலையில் ஏறத்தாழ 10 சதவீதம். சோடா வகைகளில் வரி முழுவதுமே விலையில் ஏறியது. முதல் ஆண்டில் வரிக்குட்பட்ட பானங்களின் கொள்முதல் சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை இருந்தாலும் 100 கிராம் இருந்தாலும் அதே 1 பெசோதான் விழுந்தது என்பது இந்த வரியின் பெருங்குறை. சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் வரி குறையாது என்றால் உற்பத்தியாளர் ஏன் குறைக்கப்போகிறார்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அவுன்சுக்கு (சுமார் 30 மில்லிலிட்டர்) 1.5 சென்ட் வரி, சர்க்கரையே இல்லாத டயட் பானங்களுக்கும் சேர்த்து. 2 லிட்டர் பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் வரி மட்டுமே சுமார் 1 டாலர். பெரிய பாட்டில் லிட்டர் கணக்கில் மலிவு என்பதால்தான் சிக்கனமாக வாழும் குடும்பங்கள் அதை வாங்குகின்றன. அதில்தான் இந்த வரி விலையோடு ஒப்பிடும்போது மிக அதிகமாக விழுகிறது. நகருக்குள் விற்பனை பெருமளவு சரிந்தது உண்மை. ஆனால் அந்தச் சரிவில் ஏறத்தாழ கால்பங்கு எல்லைக்கு அப்பால் இருந்த கடைகளில் கூடுதல் விற்பனையாக வெளிப்பட்டது. டயட் பானத்துக்கு மாறினாலும் வரி விடாது என்றால், வாகனம் வைத்திருப்பவர் பக்கத்து ஊருக்குப் போய் வாங்குவார். வாகனம் இல்லாதவர் கூடுதல் விலை கொடுப்பார், அல்லது வாங்காமல் விடுவார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிரிட்டனின் வழி முற்றிலும் வேறு. 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது வகுத்த விதிப்படி 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. நடுவில் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளில் நிறுவனங்கள் செய்முறையை மாற்றத் தொடங்கின. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற குளிர்பானமான ஐர்ன்-புரூ 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமுக்கு இறங்கியது. அதை வாங்குபவர் ஒரு பென்ஸ்கூட வரி கொடுக்காமல், முன்பு குடித்த சர்க்கரையில் பாதிக்கும் குறைவாகவே குடிக்கிறார். கோகோ-கோலா தன் பழைய செய்முறையிலேயே நின்றது. அதன் வரி அதை விரும்புபவர் தலையில் விழுந்தது. உயர்ந்த அடுக்கிலும் வரி முழுவதும் விலையாக மாறவில்லை. 24 பென்ஸ் வரிக்கு விலை சராசரியாக லிட்டருக்கு 7.5 பென்ஸ் அளவுக்கே கூடியதாக ஆய்வு ஒன்று கண்டது. பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டதால் கருவூலத்துக்கு முதலில் கணித்ததைவிட மிகக் குறைந்த பணமே கிடைத்தது. சர்க்கரை வரிக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை என்பேன்.

ஆனாலும் அடுக்கு முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதற்குமேல் குறைப்பதற்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. 4.7 கிராம் என்ற எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

தென்னாப்பிரிக்கா அதே 2018இல் கிராம் கணக்கைப் பிடித்தது: 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம் வரை விலக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட் (அந்நாட்டில் 100 சென்ட் ஒரு ராண்ட்). அந்த விகிதத்தில் லிட்டருக்கு 106 கிராம் சர்க்கரை உள்ள பானத்துக்கு வரி சுமார் 1.39 ராண்ட். அதை 70 கிராமாகக் குறைத்தால் வரி 63 சென்ட். 8 கிராம், 5 கிராம் என்று கோடு தாண்டக் காத்திருக்க வேண்டியதில்லை. குறைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் உடனே பலன் உண்டு. என் தேர்வு இந்த வரிதான், பிரிட்டன் கொடுத்த அந்த இரண்டு ஆண்டு அவகாசத்தோடு சேர்த்து.