ஹூஸ்டன் க்வில்ட் ஃபெஸ்டிவல் போறவங்க, வெளிய "பாட்டி தச்ச க்வில்ட்"னு யாராவது வித்தா உஷார்

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசன. வீட்டுக்காரர் வேற "ஏமாந்தத ஊருக்கே சொல்லணுமா"ங்கறாரு. க்வில்ட்னா துண்டுத் துணிகள ஒட்டி, நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற போர்வை. அந்த ஃபெஸ்டிவலுக்கு நம்மாளுங்க நெறைய பேர் வருஷா வருஷம் போறாங்க, அதனால சொல்லிடறேன். ஏமாந்தது ஃபெஸ்டிவலுக்கு உள்ள இல்ல, வெளிய பார்க்கிங் லாட்ல.

அக்டோபர், நவம்பர் வாக்குல டவுன்டவுன் ஜார்ஜ் ஆர். பிரவுன் கன்வென்ஷன் சென்டர்ல நடக்குமே, அதான். மதுரைல இருந்து அம்மா வந்திருந்தாங்க, பக்கத்து வீட்டு அக்கா, அவங்க பொண்ணு, என் பையன், டிரைவர் வேலைக்கு வீட்டுக்காரர், எல்லாருமா கெளம்பினோம். அம்மா முப்பது வருஷம் உஷா மிஷின் மிதிச்சவங்க, ஒவ்வொரு க்வில்ட் முன்னாடியும் கைய பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. தொடக்கூடாது, ஆனா வெள்ளை க்ளவ்ஸ் போட்ட வாலன்டியர்கிட்ட கேட்டா அவங்களே ஓரத்த தூக்கி பின்பக்கத்த காட்டறாங்க. அம்மாவுக்கு முன்பக்கத்த விட அதுதான் இஷ்டம், தையல் அங்கதான் பேசும்னு ஒரே பாராட்டு.

உள்ள பழைய க்வில்ட் விக்கிற ஸ்டால்ல ஒரு பெரியம்மா 1930கள் கதையெல்லாம் சொன்னாங்க. பஞ்ச காலத்துல மாவும் கோழித்தீவனமும் காட்டன் மூட்டைல வருமாம், பொம்பளைங்க அந்தத் துணில கவுன் தைக்கறாங்கன்னு தெரிஞ்சதும் கம்பெனிக்காரங்க மூட்டைலயே பூப்போட்ட டிசைன் அடிக்க ஆரம்பிச்சாங்களாம், கவுன் தச்சது போக மிச்சத் துண்டெல்லாம் க்வில்ட் ஆச்சு. வெலய கேட்டதும் நாங்க அடுத்த ஸ்டாலுக்கு நகந்துட்டோம். இந்த அரைகுறை ஞானம்தான் எனக்கு வெனையா வந்துது.

சாயங்காலம் காருக்கு நடந்து போறப்ப ஒரு வேன், பின்கதவ தெறந்து வச்சு நாலஞ்சு க்வில்ட் தொங்குது. தொப்பி போட்ட ஒரு தாத்தா, அவ்ளோ மரியாதையா பேசறாரு. கிழக்கு டெக்ஸாஸ் பண்ணைல அவங்க பாட்டி 1934ல தச்சதாம், தீவன மூட்டைத் துணியாம். நான் உடனே ஆமா ஆமா மூட்டைத் துணின்னு தலையாட்டறேன், காலைல கேட்ட கதைய அவருக்கே நான் எடுத்துக் குடுக்கறேன்! மோதிரம் மோதிரமா கோத்த டபுள் வெட்டிங் ரிங் டிசைன், அழகாத்தான் இருந்துது. 450 டாலர்னு ஆரம்பிச்சு 280க்கு வந்தாரு. அம்மா ஓரத்த திருப்பிப் பாத்துட்டு "தையல் எட்ட எட்ட விழுந்திருக்கேடி"ன்னாங்க. "கைத்தையல்னா அப்படித்தாம்மா இருக்கும், நீ சும்மா இரு"ன்னுட்டேன். கார்டு மிஷின் இல்லன்னாரு, பேங்க் ஆப்ல இருக்கற ஸெல் (Zelle) வழியா பணத்த அனுப்பிட்டேன். ரசீது கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல "க்வில்ட் 1"னு எழுதி ஃபோன் நம்பர் போட்டுக் குடுத்தாரு, 1934னு ஒரு வார்த்த அதுல இல்ல, அப்பவாவது எனக்கு ஒறச்சிருக்கணும்.

ராத்திரி பையன் யூவி டார்ச்ச எடுத்துட்டு வந்து வெளாடறான், கேம்பிங்ல தேள் தேடறதுக்குன்னு வாங்கினது, தேள் மேல பட்டா பச்சையா மின்னும். அத க்வில்ட் மேல அடிச்சா நூல் பூரா நீல வெள்ளையா ஜொலிக்குது. அந்தக் காலத்து நூல்னா இப்படி மின்னாதேன்னு பக்குன்னு ஆயிடுச்சு. திங்கக்கெழம ஆஃபீஸ்ல க்வில்ட் தைக்கிற தோழிகிட்ட சொன்னேன், சோப்புத்தூள்ல தொவச்சாலும் அப்படி மின்னும், அத மட்டும் வச்சு சொல்ல முடியாதுன்னு வீட்டுக்கே வந்துட்டாங்க. ஸ்கேல் வச்சு எண்ணினாங்க, ஒரு இஞ்சுக்கு நாலு தையல். நல்ல கைத்தையல்னா எட்டு பத்து இருக்குமாம். கிழிஞ்ச ஒரு ஓரத்துல இருந்து பஞ்ச கொஞ்சம் உருவி தீக்குச்சி காட்டினாங்க, சாம்பலாகாம கருப்பு மணி மாதிரி உருண்டு பிளாஸ்டிக் நாத்தம். பாலியஸ்டர் பஞ்சு, 1930கள்ல ஏது அது? கடைசியா மூலைல பைண்டிங்க, அதாவது ஓரத்த சுத்தித் தச்ச பட்டிய, நகத்தால நெருடினாங்க, உள்ள அரை விரல்கட அளவுக்கு வெள்ளை டேக் துண்டு, கத்திரிக்கோலால நறுக்கின அடையாளத்தோட. 80கள் கடைசில இருந்து சீனால கையால தச்ச க்வில்ட் இங்க மலிவா வந்து குவிஞ்சுதாம், அந்த ரகம். கைத்தையல்ங்கறது மட்டும் உண்மை, எந்தப் பாட்டியோ பாவம்.

அந்த நம்பருக்கு அடிச்சா மொதல்ல ரிங் போச்சு, மெசேஜ் போட்டதும் அதுவும் நின்னு போச்சு. பேங்க்ல கேட்டா நீங்களாத்தான அனுப்பினீங்க, எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கிரெடிட் கார்டா இருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். அதனால வாங்கறதா இருந்தா கார்டுலயே குடுங்க, வருஷத்தையும் துணியையும் ரசீதுல எழுதி வாங்குங்க, நாலு மூலையையும் விரலால நெருடிப் பாருங்க. கூட்டிட்டுப் போன பெரியவங்க ஏதாவது சொன்னா ஒரு நிமிஷம் காது குடுங்க.

க்வில்ட் இப்ப எங்கிட்ட இல்ல. அம்மா ஊருக்குக் கெளம்பறப்ப "280 டாலர் குடுத்தத இங்க மூலைல போட்டு வைப்பியா"ன்னு பெட்டில வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இந்த மதுரை வெயில்ல அத யாரு போத்திக்கப் போறாங்கன்னு கேட்டேன், கட்டில் மேல விரிச்சாச்சாம், வர்றவங்க கிட்டயெல்லாம் அமெரிக்காப் பாட்டி தச்சதுன்னு சொல்லிட்டிருக்காங்களாம்.