கோதிக்கில் ஏப்ரல் பனிப்புயல்: மூன்று மாடல்களில் எதைக் கேட்பது?

கொலராடோ மலைகளுக்குள் கோதிக் என்றொரு குட்டிக் குடியிருப்பு, சுமார் 2,900 மீட்டர் உயரத்தில். 2021 செப்டம்பரிலிருந்து 2023 ஜூன் வரை அமெரிக்க எரிசக்தித் துறையின் ‘செயில்’ கள ஆய்வு இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. மலையில் விழும் பனியும் மழையும் கொலராடோ ஆற்றுக்கு எப்படி நீராகின்றன என்று பார்க்கிற வேலை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏப்ரலில் புயல் வருகிறது என்றால், எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்விதான். கள ஆட்களை எந்த இரவு கண்விழிக்கச் சொல்வது என்பதே முதல் கேள்வி.

வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாடல்கள் மூன்று நம் கையில். அவற்றில் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் நாளைக்கு நான்கு முறை ஓடி, 16 நாள் வரை சொல்லிவிடும். ஆனால் அது நிலத்தைப் பிரித்துப் பார்க்கும் கட்டம் ஒவ்வொன்றும் 13 கிலோமீட்டர். கோதிக் மலையின் உச்சி 3,850 மீட்டர். அடிவாரக் குடியிருப்போ ஏறக்குறைய 950 மீட்டர் கீழே, நடந்துபோகும் தூரத்தில். அந்த உயர வித்தியாசத்துக்கு வெப்பநிலை ஆறு டிகிரி அளவுக்கு மாறலாம். ஜனவரியில் இதனால் பெரிய நஷ்டமில்லை, மேலேயும் கீழேயும் பனிதான். ஏப்ரல் கடைசியில் அந்த ஆறு டிகிரிக்குள்தான் மழையும் பனியும் பிரிகின்றன. 13 கிலோமீட்டர் கட்டத்தில் உச்சியும் பள்ளத்தாக்கும் கலந்து ஒரே மேடாகிவிடும்.

ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாடலுக்குக் கட்டம் 9 கிலோமீட்டர். இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அதுவும் அரைக்குருடுதான். இருந்தும் மூன்று நான்கு நாள் முன்னதாக என்றால் நான் அதைத்தான் திறப்பேன், அதுவும் ஒற்றை ஓட்டத்தை அல்ல, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டிய 51 ஓட்டங்கள் கொண்ட தொகுப்பை. 40 ஓட்டங்களில் புயல் வந்தால் ஆட்களுக்குச் சொல்லிவிடலாம். 15-இல் மட்டும் வந்தால் பையைக் கட்டிவைத்துவிட்டுத் தூங்கலாம். ஜிஎஃப்எஸ்ஸுக்கும் 31 ஓட்டத் தொகுப்பு உண்டு, இரண்டும் ஒத்துப்போனால் நல்லதுதான்.

வண்ணம் பூசிய பனி ஆழ வரைபடங்களை மட்டும் நம்ப வேண்டாம். பல வரைபடங்கள் ஒரு பங்கு நீருக்குப் பத்துப் பங்கு பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியவை. கொலராடோவின் குளிர்காலப் பனி 15 பங்குக்கு மேலும் பஞ்சாகக் குவியும்; வசந்தத்தின் ஈரப்பனி பத்துக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். மாடலிடம் நீர் அளவை மட்டும் கேளுங்கள்.

புயலுக்கு முந்தின நாள், மூன்றாவது மாடலான அமெரிக்காவின் ஹெச்ஆர்ஆர்ஆரின் முறை. கட்டம் 3 கிலோமீட்டர், மணிக்கொரு ஓட்டம். பெரும்பாலான ஓட்டங்கள் 18 மணி நேரத்தோடு நின்றுவிடும், நாளைக்கு நான்கு மட்டும் 48 மணி வரை போகும். மலை இதில் ஓரளவு மலையாகவே தெரிகிறது. தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு மணிக்கும் பேச்சை மாற்றும். இன்னொன்று, அது ராடார் தரவைச் சாப்பிட்டு வளர்கிற மாடல். இந்த வட்டாரத்தின் அரசு ராடார் கிராண்ட் மேசா பீடபூமியின் மேலே, சுமார் 3,000 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கதிர் பள்ளத்தாக்குகளுக்கு மேலாகப் பறந்துவிடும். செயில் குழு கிரெஸ்டட் பியூட் மலையில் தனியாக ஒரு எக்ஸ்-பேண்ட் ராடார் (குறைந்த தூரத்தை நுணுக்கமாகப் பார்ப்பது) வைத்ததற்குக் காரணம் இந்த ஓட்டைதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றின் திசையைப் பாருங்கள். 1921 ஏப்ரலில் போல்டருக்கு மேற்கே சில்வர் லேக்கில் 24 மணி நேரத்தில் 75.8 அங்குலப் பனி விழுந்தது. அது மலைத்தொடரின் கிழக்குப் பக்கம். கீழைக்காற்று சரிவில் ஏறும்போது அந்தப் பக்கம் கொட்டும். மேற்குப் பக்கத்தில் இருக்கும் கோதிக்குக்கு மேலைக்காற்று வேண்டும். கிழக்குப் பக்கத்து நகரமான டென்வரின் செய்திகள் அலறுகிற நாளில் இங்கே சும்மா மேகமூட்டமாக இருக்கலாம்.

அன்று காலை விட்ட வானிலை பலூன் காட்டும் உறைநிலை உயரம் (வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைத் தொடும் உயரம்), ஹெச்ஆர்ஆர்ஆர் சொன்னதைவிட 300 மீட்டர் தாழ்வாக இருந்தால்? நான் பலூன் பக்கம்.