கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழியா, பெருவாத்தா?

இங்கிலாந்துக்குக் குடிவந்தபின் ஒன்பது கிறிஸ்துமஸ்களுக்கு எங்கள் வீட்டு மேசையில் வான்கோழியே இருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளாக அதன் இடத்தில், இங்கே ‘கூஸ்’ எனப்படும் பெருவாத்தைச் சுட்டு வைக்கிறோம். நான்கு பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு இதுவே பொருத்தம் என்ற முடிவுக்கு வந்துவிட்டதால், என் சாய்வை மறைக்காமலே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

விலையிலும் அளவிலும் வான்கோழிக்கே வெற்றி. ஐந்து கிலோ வான்கோழி எட்டுப் பேருக்குத் தாராளமாகப் போதும். அதே எடையுள்ள பெருவாத்தில் எலும்பும் கொழுப்பும் போக ஆறு பேருக்குத்தான் கறி தேறும். கிலோவுக்கான விலையும் பெருவாத்துக்கே அதிகம். உறைந்த வான்கோழியை எந்தப் பேரங்காடியிலும் வாங்கலாம். பெருவாத்துக்கு நான் நவம்பரிலேயே கறிக்கடையில் சொல்லிவைத்துவிடுகிறேன்.

மரபு என்று பார்த்தால் பெருவாத்துதான் மூத்தது. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 16-ஆம் நூற்றாண்டில்தான் இங்கிலாந்துக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே, அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தை மேய்ந்து கொழுத்த பெருவாத்தை செப்டம்பர் 29-ஆம் நாள் மிக்கேல் அதிதூதர் திருநாளில் உண்ணும் வழக்கம் இங்கு இருந்தது. விக்டோரியா அரசியின் காலத்தில் உழைக்கும் மக்கள் கிறிஸ்துமஸ் பெருவாத்துக்காக வாரந்தோறும் சில காசுகளைச் சீட்டுப் போலக் கட்டிவந்தார்கள். வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் பறவையை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கினார்கள். வான்கோழி அப்போது வசதியுள்ளோரின் உணவு. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் வளர்த்த வான்கோழிகளைக் கோடையின் முடிவிலேயே கிளப்பி, மந்தை மந்தையாக லண்டன்வரை நடத்திக்கொண்டு போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், குளிர்சாதனப் பெட்டியும் பண்ணை வளர்ப்பும் பரவிய காலத்தில்தான் அது எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பண்ணை வளர்ப்பிலிருந்துதான், என் முடிவைத் தீர்மானித்த காரணமும் பிறக்கிறது. அது கொழுப்பு. வெள்ளைக் கறியை விரும்பியவர்களுக்காக, நெஞ்சு அகன்ற வான்கோழி இனங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். அந்த நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அது 70 டிகிரி செல்சியசில் இரண்டு நிமிடம் இருந்தாலே பாதுகாப்பாக உண்ணலாம். தொடையோ ஏறத்தாழ 80 டிகிரியை நெருங்கினால்தான் மெத்தென்று ஆகும். ஒரே பறவையை ஒரே ஓவனில் வைத்து, தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு வறண்டு நார் நாராகிவிடுகிறது. தோலுக்கடியில் வெண்ணெய் தடவுவது, மேலே பன்றி இறைச்சித் துண்டங்களைப் போர்த்துவது, முந்தைய நாளே உப்பு நீரில் ஊறவைப்பது எல்லாமே அந்தப் பறவையிடம் இல்லாத கொழுப்பையும் ஈரத்தையும் வெளியிலிருந்து கொடுக்கும் முயற்சிகள். அவற்றை நான் ஆண்டுக்கொன்றாகச் செய்து பார்த்தேன். ஓரளவு பயன் கிடைத்தது, ஆனால் அன்றைய காலைப் பொழுது முழுவதும் அடுப்படியிலேயே கழிந்தது.

பெருவாத்துக்கு இந்தக் கவலை இல்லை. தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் இருப்பதால், சூடேறும்போது அது உருகித் தன் கறியைத் தானே நனைத்துக்கொள்கிறது. கறி முழுவதும் கருஞ்சிவப்பானது என்பதால் நெஞ்சுக்கும் தொடைக்கும் சுவையில் பெரிய வேறுபாடும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புக் கட்டிகளை முதலில் எடுத்துவிட்டு, கறியில் இறங்காதபடி தோலை மட்டும் ஊசியால் குத்தி, தட்டின் மேல் கம்பி வலையில் வைத்துச் சுட வேண்டும். அரை மணிக்கொரு முறை தட்டில் சேர்ந்த கொழுப்பைக் கவனமாக வடித்தெடுக்க வேண்டும். கனமான தட்டில் கொதிக்கும் கொழுப்பு தளும்பும் என்பதால் பிள்ளைகளை அப்போது சமையலறைக்குள் விடுவதில்லை.

வடித்த கொழுப்புதான் உண்மையான ஆதாயம். சென்ற ஆண்டு அரை லிட்டருக்கு மேல் கிடைத்தது. வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சில மாதங்களுக்கு ஞாயிறு உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதுவே உதவியது, அந்த மொறுமொறுப்பு எண்ணெயில் வருவதில்லை. மிஞ்சியதை மட்டும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. 2017-இல் லண்டன் வைட்சாப்பல் பகுதியின் சாக்கடையை அடைத்திருந்த 250 மீட்டர் நீளக் கட்டி இப்படி ஊற்றிய கொழுப்பும் துடைப்புத் துணிகளும் சேர்ந்து இறுகியதுதான்.

வான்கோழி இல்லாததால் நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. மறுநாள் மிச்சக் கறியில் மிளகும் தேங்காய்ப் பாலும் சேர்த்து வைக்கும் குழம்புக்காகவே என் தாயார் அதை விரும்பினார். பெருவாத்தில் குழம்பு வைக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. மேலும் என் அனுபவம் இரண்டு பறவைகளோடு நிற்கிறது. இரண்டுமே உறையவைக்காமல் வந்தவை, ஐந்து கிலோவுக்குள் அடங்கியவை. உறைந்த பெருவாத்து எப்படி வரும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

எட்டுப் பேருக்கு மேல் விருந்தினர் வருவதானால், இரண்டு பெருவாத்துகளுக்கு எங்கள் ஓவனில் இடமில்லாததால், நானும் வான்கோழியைத்தான் வாங்குவேன். அப்படி ஓர் ஆண்டு வந்தால், அதன் தோலுக்கடியில் வெண்ணெய்க்குப் பதிலாகப் பெருவாத்துக் கொழுப்பைத் தடவிப் பார்க்கலாம் என்று ஒரு சிறு புட்டியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.