அப்பாவின் கால் புண்ணுக்குப் போட்ட கொலாஜன் ஷீட்

சர்க்கரை நோயால் அப்பாவின் குதிகாலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவே இல்லை, அப்புறம்தான் டாக்டர் கொலாஜன் ஷீட் போட்டார். மாட்டுத் தோல், மீன் தோல் மாதிரியானவற்றிலிருந்து எடுக்கும் புரதம் அது. நம் செல்கள் பற்றி ஏறி வளரப் பந்தல் போல நின்று, பிறகு தானே கரைந்துவிடும். காஸ் துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும் அந்த வலி இல்லை, கட்டு மாற்றும்போது அப்பா அழவில்லை, எனக்கு அதுவே பெரிது.

விலை அதிகம்தான். சீழ் இருக்கும்போது, செத்த சதையை எடுக்காமல் போட்டால் வீண், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். உயிருள்ள தோல் செல்களைக் கொலாஜனோடு சேர்த்து வளர்த்த அப்லிகிராஃப் என்ற செயற்கைத் தோல் அமெரிக்காவில் 1998-லேயே அனுமதி பெற்றுவிட்டது. பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களைப் புண்ணுக்கு ஊசியாகப் போடுவது வேறு விஷயம், அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அப்பாவுக்கு ஆறு வாரத்தில் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது.