அம்பாசிடருக்குப் பின்பட்டை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்: என் 18,500 ரூபாய் போச்சு

நேற்று மதியம் வலங்கைமானைத் தாண்டி நீடாமங்கலம் போகும் வழியில், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எங்கள் அம்பாசிடரின் இடதுபக்கப் பின்பட்டை (வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள்) உடைந்தது. பின்சீட்டில் 78 வயது அம்மா. பக்கத்தில் என் மனைவி, தங்கை. டிக்கியில் மன்னார்குடி வளைகாப்புக்குக் கொண்டுபோன சீர்த்தட்டுகள். வேகத்தடைக்காக மெதுவாக வந்ததால் பிழைத்தோம். அந்தப் பட்டையை மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 'புத்தம்புது செட் சார், ஒரிஜினல் ஹைட்' என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிய பட்டை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 1984 மார்க் 4. அப்பா வாங்கியது. விதைநெல் மூட்டையும் அதில்தான் வந்தது, தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பும் அதில்தான் நடந்தது. நாற்பது வருஷத்தில் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊர் ஆற்றங்கரைச் சாலையில் மதகுக்கு மதகு ஒரு மேடு. நாலு பேர் ஏறினால் சைலன்சர் ஒவ்வொரு மேட்டிலும் உரசும். ராத்திரியில் வந்தால் ஹெட்லைட் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும். பழைய பட்டையை முன்பு ஒருமுறை லாரிப் பட்டை கட்டும் இடத்தில் கொடுத்து அடித்து வளைத்து வாங்கினேன். ஒரே வருஷத்தில் திரும்ப உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் இந்தமுறை புதுசாகவே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

பழைய கார் உதிரிபாகம் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பெயர் சொல்லவில்லை, அந்த மாதிரிக் கடை இப்போது நிறைய இருக்கிறது. போன் செய்தேன். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எடுத்தவர் விலையே பேசவில்லை. "அப்பா வாங்குன வண்டியா சார்?" என்றுதான் ஆரம்பித்தார். தன் அப்பாவும் அம்பாசிடர் டிரைவர்தானாம். அப்புறம் வரிசையாகக் கேள்வி. பெட்ரோலா டீசலா, சாதாரணமாக எத்தனை பேர் ஏறுவீர்கள், மூட்டை ஏற்றுவீர்களா, பெட்ரோல் டேங்க் எவ்வளவு நிரம்பி இருக்கிறது. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து அனுப்பச் சொன்னார். நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் வண்டியை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து, படம் எடுத்து அனுப்பினேன். இடதுபக்கம் முக்கால் இஞ்ச் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. "டிரைவர் பக்கம்தானே எப்பவும் வெயிட், அது ஏன் இடதுபக்கம் தாழ்ந்திருக்கு? அந்தப் பக்கம் ஷேக்கிள் புஷ்ஷைப் பாருங்க" என்றார். பார்த்தோம். உண்மையிலேயே இடதுபக்க புஷ் (பட்டையின் பின்நுனியை வண்டியோடு சேர்க்கும் இணைப்பில் இருக்கும் ரப்பர்) நசுங்கிப் போயிருந்தது.

இதற்கு மேல் ஒருவரை எப்படிச் சந்தேகப்படுவது? கேட்ட கேள்வி அத்தனையும் சரியான கேள்வி. வேலை தெரிந்தவர் என்று முடிவு செய்து அன்று ராத்திரியே 18,500 ரூபாயையும் மொத்தமாக ஜிபேயில் போட்டேன். பாதி இப்போது, பாதி பொருள் வந்ததும் என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. வேலை தெரிந்தவன் நேர்மையானவனாகவும் இருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டது என் தப்பு.

ஏழு நாளில் வரும் என்றது 23 நாள் கழித்துப் பார்சல் சர்வீஸில் வந்தது. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். பட்டறையில் மெக்கானிக் பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பழைய செட்டைவிட ஒரு பட்டை கூட இருக்கே" என்றார். போனில் கேட்டேன். "நீங்க மூட்டை ஏத்துவேன்னு சொன்னீங்களே சார், அதுக்காக ஸ்பெஷலா வெச்சது" என்றார்கள். பாய் அரைமனதோடுதான் மாட்டினார்.

மாட்டி இறக்கியதும் பின்பக்கம் இரண்டரை இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. பின்னால் தூக்கினால் முன்சக்கரத்தின் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டின் கோணம் மாறும், அதன் ஜாயிண்ட் அதிரும். எங்கள் வண்டி ஐம்பதைத் தொட்டதுமே சீட்டுக்கு அடியில் உறும ஆரம்பித்தது. பின்சீட்டில் உட்கார்ந்தால் கட்டைவண்டி மாதிரித் தூக்கிப் போட்டது. அந்தக் காலத்து வில்வண்டி இதைவிடச் சுகமாக ஓடும் என்றார் அம்மா.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் போனில், "புதுப் பட்டை சார், 500 கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்." புதுப் பட்டை கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை, அதனால் பொறுத்தேன். 500 ஓடியது. கால் இஞ்ச்கூட இறங்கவில்லை. அடுத்து, "டிக்கியில ரெண்டு மூட்டை போட்டு ஓட்டுங்க." போட்டேன். அடுத்து, "உங்க மெக்கானிக் தப்பா மாட்டியிருப்பார்." ஷேக்கிள் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கியிருப்பார், அதனால்தான் தூக்குகிறது என்றார்கள். அப்படிச் செய்தால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதும் உண்மைதான். ஆனால் வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்துத்தான் பாய் முறுக்கினார், நான் பக்கத்திலேயே நின்றேன். நம்பாமல் எல்லா போல்ட்டையும் தளர்த்தித் திரும்பவும் முறுக்கினோம். அதே இரண்டரை இஞ்ச். கடைசியாகச் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். "முன்னாடி டார்ஷன் பாரை ஏத்தி விடுங்க சார், சமமாயிடும்." டார்ஷன் பார்தான் முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி. பின்னால் தவறான பட்டையைக் கொடுத்துவிட்டு முன்பக்கத்தையும் கெடுக்கச் சொல்கிறார்கள். பாய் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேசும் ஆளே மாறிவிட்டார். அந்த டிரைவர் மகன் லீவில் இருக்கிறாராம். 10 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். வண்டியில் மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மாட்டாமல் உயரத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். லைன் கட்.

சரி, எத்தனை நாள்தான் சண்டை போடுவது, அறுவடை முடியட்டும், பட்டையைக் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நேற்று உடைந்தது.

உடைந்த துண்டு என் மேஜைமேல் இருக்கிறது. மெயின் பட்டை, முன்பக்கக் கண்ணிலிருந்து (வண்டியில் போல்ட் போட்டு மாட்டும் நுனி வளையம்) ஓர் இஞ்ச் தள்ளி முறிந்திருக்கிறது. உடைந்த முகத்தில் பாதி, கல்கண்டை உடைத்தால் தெரிவதுபோல் மினுமினுப்பு. அது நேற்று உடைந்தது. மீதிப் பாதி பழுப்புத் துரு. அது எப்போதோ விட்ட விரிசல். அந்தத் துருவின் ஓரத்தில், விரிசலுக்குள்ளே, கறுப்புப் பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருக்கிறது. புரிகிறதா? விரிசல் விட்ட பழைய பட்டைக்கு மேலே பெயிண்ட் அடித்து, புதுசு என்று 18,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். பாய் மற்றப் பட்டைகளைச் சுரண்டினார். எல்லாவற்றிலும் பெயிண்டுக்கு அடியில் துருக்குழி. கூடுதலாக வைத்த அந்தப் பட்டை ஏதோ வேறு வண்டியுடையது. அகலம் பொருந்தவில்லை, ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்திருக்கிறார்கள்.

பட்டை என்பது வெறும் குலுக்கல் தாங்குவதற்கு இல்லை. பின் அச்சைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்துவதும் அதுதான். முன்கண் விட்டுப் போனதும் இடதுசக்கரம் பின்னால் நகர்ந்து மட்காட்டில் தேய்ந்தது. ரப்பர் கருகும் நாற்றத்தில் அம்மா, "என்னடா எரியுது?" என்று என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. இதுவே தஞ்சாவூர் பைபாஸில் எண்பதில் போகும்போது ஆகியிருந்தால்?

உடைந்த துண்டின் படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அடுத்த போனில் என் நம்பர் பிளாக்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். முழுப் பணம் முன்னாடி போடாதீர்கள். பழைய பட்டையைக் கழற்றி, கண்ணுக்குக் கண் நீளம், முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட்வரை (பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்) தூரம், அகலம், பட்டை எண்ணிக்கை எல்லாம் எழுதி வைத்து, வருவது அதோடு ஒத்துப்போகிறதா என்று மாட்டும் முன்பே பாருங்கள். பெயிண்ட் அடித்து வந்தால் முதல் வேலையாகக் கண் பக்கத்தில் சுரண்டிப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். என்னிடம் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப்பும்தான் இருக்கிறது. காலையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை.

இன்று காலை மனைவியின் போனில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மாதிரி கறுப்புப் பளபளப்பில் இன்னொரு செட். விலை 18,500. கீழே மூன்று பேர் 'வேணும் அண்ணா, நம்பர் அனுப்புங்க' என்று எழுதியிருக்கிறார்கள்.