பத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு விஎம்சி: நான் படித்த அட்வான்ஸ்டு சிஎன்சி கோர்ஸ்

கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் விஎம்சி செட்டராக இருக்கிறேன். விஎம்சி என்றால் கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகத்தை வெட்டும் மெஷின். அதை வேலைக்குத் தயார் செய்து ஓட்டுபவர் செட்டர். ஐடிஐ முடித்து வந்து 14 வருஷம் ஆகிறது. வால்வு பாடி, பம்ப் ஃபிளாஞ்ச், எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளாக் வேலை எல்லாம் வரும். ஜாப்பை மெஷினில் கட்டுவேன், ஆஃப்செட் (ஜாப், டூல் இருக்கும் இடத்தின் அளவு) எடுப்பேன், கேம் சாஃப்ட்வேரில் வேலை செய்பவர் அனுப்பும் புரோகிராமை ஏற்றி ஓட்டுவேன், தேவைப்பட்டால் கையால் திருத்துவேன். இதற்கு மேல் போக வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்து, இந்த வருஷம்தான் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் அட்வான்ஸ்டு கோர்ஸில் சேர்ந்தேன். பத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. கட்டணம் 22,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போனது தனிக் கணக்கு. எங்களை மாதிரி ஆட்களுக்கு அதுவும் கட்டணம்தான்.

மையத்தின் பெயரை இதில் எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன். ஒரே ஒரு பேட்சில் படித்ததை வைத்து ஒரு இடத்துக்கு முத்திரை குத்த மனசில்லை. இந்த மாதிரி கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன்னால் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நல்லதுக்கு முக்கியக் காரணம் சொல்லிக்கொடுத்த சார். மெஷின் டூல் கம்பெனியில் 30 வருஷத்துக்கு மேல் சர்வீஸ், அப்ளிகேஷன் இரண்டும் பார்த்து ரிட்டையர் ஆனவர். முதல் வாரமே ஆளுக்கு ஒரு நோட்டும் ஒரு செலோடேப்பும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கட்டுக்கும் விழுகிற சிப்ஸில் (உலோகச் சீவலில்) இரண்டு எடுத்து, துடைத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பக்கத்திலேயே கட்டிங் ஸ்பீடு, ஒரு பல்லுக்கான ஃபீடு, கட்டின் அகலம், ஆழம் எழுத வேண்டும். பத்து வாரத்தில் என் நோட்டில் 60 சிப்ஸுக்கு மேல் இருக்கிறது. இப்போதும் டூல் பாக்ஸில்தான் வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டில் மூன்றாவது பக்கம் எனக்கு ரொம்ப முக்கியம். எஸ்எஸ் 316, 12 எம்எம் நாலு பல் கார்பைடு எண்ட்மில் (சுற்றி வெட்டும் டூல்), கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 60 மீட்டர். கணக்குப் போட்டால் 1,590 ஆர்பிஎம் வரும். முழு ஆழம் இறக்கி, பக்கவாட்டில் 1.2 எம்எம் மட்டும் எடுக்கிற கட்டு. பல்லுக்கு 0.06 எம்எம் என்று வைத்து, நிமிஷத்துக்கு 380 எம்எம் நகரும் ஃபீடில் ஓட்டினோம். விழுந்த சிப்ஸ் தூள் மாதிரி இருந்தது, மெஷினும் கீச்சென்று சத்தம் போட்டது. கம்பெனியில் நானாக இருந்தால் உடனே ஃபீடைக் குறைத்திருப்பேன். சார் 630-க்கு ஏற்றச் சொன்னார். சத்தம் அடங்கிவிட்டது. சிப்ஸும் கனமாக, சுருண்டு, ஒரே அளவில் விழுந்தது.

ஏன் என்று போர்டில் படம் போட்டுக் காட்டினார். டூல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் மட்டும் எடுத்தால், பல் உலோகத்தில் நுழைந்து வெளியே வருகிற வில் ரொம்பச் சின்னது. நாம் 0.06 கொடுத்தாலும் உண்மையான சிப் தடிமன் அதில் 0.6 பங்குதான், அதாவது 0.036. அவ்வளவு மெல்லியதாக இருந்தால் பல் வெட்டாது, தேய்க்கும். 316-ஐத் தேய்த்தால் மேல்தோல் இறுகிவிடும். அடுத்த பல் இறுகிய தோலில் மோதும். 0.06 தடிமன் வேண்டும் என்றால் பல்லுக்கு 0.1 கொடுக்க வேண்டும். எத்தனை எண்ட்மில்லை நான் பயத்தில் ஃபீடு குறைத்தே கொன்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிறு எரிந்தது.

அடுத்து த்ரெட் மில்லிங், அதாவது சுற்றும் டூலைத் துளைக்குள் சுருள் பாதையில் நகர்த்தி மரை வெட்டுவது. எங்களுக்கு 316 பிளாக்கில் எம்24 பிட்ச் 3 த்ரெட் (24 எம்எம் விட்டம், ஒரு சுற்றுக்கு 3 எம்எம் ஏறும் மரை) அடிக்கடி வரும். மரை போடும் டேப் உள்ளே உடைந்தால், மின்பொறியால் அரித்து எடுக்கும் ஸ்பார்க் எரோஷனுக்குக் கொண்டு ஓட வேண்டும், ஜாப் தப்பித்தால் அதிர்ஷ்டம். த்ரெட் மில்லை கம்பெனியில் ஒருதரம் முயற்சி செய்து, முதல் துளையிலேயே இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை) போனதால் முதலாளி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எங்கே தப்பு என்று கோர்ஸில் ஐந்தாவது வாரம் கிடைத்தது. கண்ட்ரோல் ஃபீடை டூலின் மையத்துக்குத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் துளைக்குள்ளே வெட்டுமுனை மையத்தைவிட வேகமாகப் போகும். 24 விட்டத்தில் 16 எம்எம் டூல் என்றால் மையம் சுற்றுவது 8 எம்எம் வட்டம், முனை சுற்றுவது 24. மூன்று மடங்கு. முனையில் 240 வேண்டும் என்றால் புரோகிராமில் 80 போட வேண்டும். நான் அன்றைக்கு 240-ஐ அப்படியே போட்டிருந்தேன். அடியில் ஆரம்பித்து ஜி03-இல் (கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்று) ஒரு சுற்றுக்கு ஒரு பிட்ச் மேலே ஏறி வந்தால் வலது த்ரெட் கிளைம்ப் கட்டில் (சிப் தடியாக ஆரம்பித்து மெலிந்து முடியும் வெட்டு) வருகிறது, சிப்ஸும் கீழே மாட்டாது. இப்போது எங்கள் கம்பெனியில் எம்24 முழுக்க த்ரெட் மில்தான்.

ஆனால் கட்டணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தது மேக்ரோ. ஃபேனுக் கண்ட்ரோலில் வரும் கஸ்டம் மேக்ரோ பி. எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு ஓடும் புரோகிராம் எழுத இது உதவும். பல கம்பெனி மெஷினில் இது இருக்கும், யாரும் தொடுவதில்லை.

எங்கள் மெஷினில் ஃபிளாஞ்ச் துளைக்கென்றே 37 புரோகிராம் இருந்தது. 50 சைஸ் பிஎன்16 (அழுத்த வகை) ஃபிளாஞ்சுக்கு பிசிடி (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 125, 18 எம்எம் துளை நாலு. 80-க்கு பிசிடி 160, எட்டுத் துளை. 100-க்கு 180, எட்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தடிமன் மாறினால் இன்னொன்று. பெயர் ஒரே மாதிரி இருக்கும், தப்பான புரோகிராமைக் கூப்பிட்டு ஜாப் போனதும் உண்டு. இதை வகுப்பில் சொன்னேன். "அதையே உங்களுக்கு எக்ஸர்சைஸா வச்சுக்கலாங்க" என்றார் சார்.

மேக்ரோவைக் கூப்பிடும் ஜி65 வரியில் பிசிடிக்கு டி, எத்தனை துளை என்பதற்கு எச், ஆழத்துக்கு இசட். இந்த மூன்றும் கொடுத்தால் போதும், கோணமெல்லாம் அதுவே கணக்குப் போட வேண்டும். ஃபிளாஞ்ச் துளை மையக்கோட்டின் மேல் விழக்கூடாது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளி விழ வேண்டும். அதனால் முதல் துளையின் கோணம் 180-ஐ எச்-ஆல் வகுத்தது. நாலு துளைக்கு 45 டிகிரி, எட்டுக்கு 22.5. பிறகு எல்லாத் துளையும் முடியும் வரை திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப். அலுமினியம் பிளாக் கட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கினேன். டிரில் பிளாக்கின் நடு மையத்தில் இறங்கியது. மேலே வந்தது. திரும்ப அதே இடத்தில் இறங்கியது. நாலு தடவையும் அதே துளை.

சார் எமர்ஜென்சியை அமுக்கவில்லை, புரோகிராமையும் திருத்தித் தரவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"டி எந்த நம்பருக்குப் போகும்?"

"நாலுங்க சார்."

"எப்படி?"

"ஏ ஒண்ணு, பி ரெண்டு, சி மூணு, அப்ப டி நாலுங்க."

"அட்டவணையைப் பாருங்க."

பார்த்தேன். ஏ, பி, சி-க்குக் கொடுக்கும் மதிப்பு மேக்ரோவுக்குள் போய்ச் சேரும் இடம் #1, #2, #3-தான். நாலு, ஐந்து, ஆறு மூன்றும் ஐ, ஜே, கே-க்குப் போய்விடும். டி-க்கு #7. நான் எழுதிய #4 காலியாக இருந்தது. காலியைக் கணக்கில் சைபராக எடுத்துக்கொள்ளும் என்பதால் எல்லாத் துளையும் எக்ஸ் சைபர், ஒய் சைபரில் விழுந்தது. யாராவது வாயால் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அந்த நாலு தடவை இறங்கிய டிரில்லை மறக்க முடியாது.

அதோடு விடவில்லை. நைட் ஷிஃப்டில் ஆபரேட்டர் டி-யைப் போடவே மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். இதேதான் ஆகும். அதனால் மேக்ரோவின் தலையிலேயே ஒரு வரி: #7, #0-க்குச் சமமாக இருந்தால், அதாவது காலியாக இருந்தால், #3000-ஐப் போடு. #3000 வந்தால் மெஷின் அலாரம் போட்டு நின்றுவிடும், நாம் அடைப்புக்குள் எழுதும் வாசகம் ஸ்கிரீனில் வரும். எழுத்து ஆங்கிலம்தான் ஏறும், வார்த்தை தமிழாக இருக்கலாமே என்று சார்தான் சொன்னார். என் முதல் அலாரம்: பிசிடி போடல. இப்போது 37 புரோகிராம் இருந்த இடத்தில் ஒரே மேக்ரோ இருக்கிறது.

ப்ரோபிங், அதாவது ஜாப்பைத் தொட்டு இடம் அளப்பது, ஒரு நாள்தான். ரிங் கேஜில் ப்ரோபைக் கேலிபரேட் செய்வது, ஜி31-இல் முனை தொட்டதும் நகர்வு நிற்பது, தொட்ட இடம் #5061-இலிருந்து பதிவாவது, அதை எடுத்து ஜாப்பின் சைபர் இடத்தை வைக்கும் ஜி54-க்குள் எழுதுவது எல்லாம் கையால் செய்ய வைத்தார்கள். எங்கள் கம்பெனியில் ப்ரோப் இல்லை, இருந்தாலும் கற்றது வீண் இல்லை. லேத்தில் வெட்டும் டர்னிங் பகுதி இரண்டு வாரம். என் மாதிரி ஆட்களுக்கு அதில் பெரிதாகப் புதிது இல்லை.

இனி குறை. விளம்பரத்தில் பெரிய 5 ஆக்சிஸ் மெஷின் (டேபிளோ டூலோ சாய்ந்து சுழலவும் கூடியது) படம் போட்டிருந்தார்கள். கோர்ஸ் பட்டியலிலும் 5 ஆக்சிஸ் ஒரு நாள். அந்த நாளில் லேப்டாப்பில் சிமுலேஷன் மட்டும் ஓடியது. மெஷின் அங்கே இல்லவே இல்லை. டேபிள் சாயும்போது டூல் முனை ஏன் ஜாப்பை விட்டு விலகக்கூடாது, அதற்கு ஜி43.4 என்ன செய்கிறது என்பதை சார் ஒரு மரக்கட்டையும் பேனாவும் வைத்து விளக்கினார். அவர் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கள் பேட்சில் திருப்பூரிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு ஆபீஸில் சரியான பதில் கிடைக்கவில்லை. இது தப்பு. இல்லாததை இல்லை என்று எழுதிவிட்டு 18,000 வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று, 12 பேருக்கு ஒரு விஎம்சி. ஒருவர் செட் செய்யும்போது மற்ற 11 பேர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஆளாக வந்தவனுக்கு மெஷின் கிடைக்கும் என்று தெரிந்ததும் நான் எட்டரைக்கே போய் நின்றேன். பின்னால் நிற்கிற கூச்ச சுபாவமுள்ள பையன்களுக்குக் கடைசி வரை பட்டன் தொடுகிற வாய்ப்பு குறைவுதான். ஆறு பேருக்கு மேல் ஒரு மெஷினுக்குச் சேர்க்கவே கூடாது.

நோட்ஸ் முழுக்க ஆங்கிலம், அதுவும் ஜெராக்ஸில் பாதி எழுத்து தேய்ந்தது. வந்ததில் பாதிப் பேர் தமிழில் ஐடிஐ படித்தவர்கள். சார் தமிழில் அவ்வளவு அழகாகச் சொன்னதைத் தமிழிலேயே நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்தால் எத்தனை பேருக்கு வாழ்நாள் முழுக்க உதவும்! இதைக் கடைசி நாள் எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன்.

யார் சேரலாம்? விஎம்சியில் குறைந்தது இரண்டு வருஷம் கை வைத்திருந்தால் தைரியமாகச் சேரலாம். ஜி41 (டூல் ஆரத்தை ஈடு செய்யும் கட்டளை) போட்டு ஒரு பாக்கெட் ஓட்டத் தெரியாதவர்கள் அடிப்படைக் கோர்ஸை முடித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நாலாவது வாரத்தில் வண்டி நின்றுவிடும். 5 ஆக்சிஸுக்காக மட்டும் வருகிறவர்கள், மெஷினைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பேட்சில் எத்தனை பேர், எஸ்எஸ் வெட்ட விடுவீர்களா, அலுமினியம் மட்டும்தானா என்றும் கேளுங்கள். அலுமினியத்தில் எல்லாமே நன்றாக ஓடும். 316-தான் தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

போன வியாழக்கிழமை நைட் ஷிஃப்டில் 50 சைஸிலிருந்து 80-க்கு மாற்றும்போது எங்கள் பையன் டி-யை அழித்துவிட்டுப் புது எண்ணைப் போட மறந்திருக்கிறான். எனக்கு ஃபோன் வரவில்லை. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் முதல் பீஸைக் கையில் கொடுத்தான். "அண்ணா, பிசிடி போடலன்னு வந்து நின்னுச்சுங்க. டிராயிங் பாத்து 160 போட்டு ஓட்டிட்டேன். எட்டுத் துளையும் சரியான்னு ஒருக்கா பாருங்க." பக்கத்துத் துளைகளின் மைய இடைவெளி 61.23 வர வேண்டும். வெர்னியர் வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் பார்த்தேன். எட்டிலும் வந்தது.