அஸ்தமனத்துக்குக் காசு கட்டினோம், பாலத்துக்கு அடியில் போய் வந்தோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகுக்கு ஐந்துக்கு நாலரை, அதை நடத்தும் ஆபீசுக்கு இரண்டு. பெயர் போடவில்லை. பினாங்கில் உல்லாசப் படகு யாரிடம் எடுத்தாலும் இந்தத் தொல்லை வரலாம்.

என் வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்து, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு. பிள்ளைகள் காசு போட்டு, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமைக்குத் தனிப்படகு எடுத்தார்கள். எட்டுப் பேர், 1,200 வெள்ளி (ரிங்கிட்). மாலை 5 மணிக்குத் தஞ்சோங் தோக்கோங்கில் கிளம்பி, தஞ்சோங் பூங்கா மிதக்கும் மசூதியைத் தாண்டி, பத்து ஃபெரிங்கியில் நங்கூரம் போடுவது. அங்கேயே கோழி இறக்கை சுட்டுச் சாப்பிட்டு, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. கயாக் வேண்டுமென்று பேரன் அடம்பிடித்ததால் அதற்கு இன்னொரு 120 வெள்ளி.

அன்று விடியற்காலை நாலரைக்கு, பெருநிலத்தில் பிறை ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ராப் பக்கமிருந்து வருகிற அடிதான் இது. மழை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்து வானம் வெளுத்துவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. 11 மணிக்கு ஆபீசிலிருந்து வாட்சாப்: "வானிலை காரணமாகப் பயணத் திட்டம் மாறலாம்." அவ்வளவுதான். என்ன மாறும், எத்தனை மணிக்குச் சொல்வீர்கள், கயாக் காசு என்ன ஆகும் என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஒன்றரைக்குப் படகுக் கேப்டனே கூப்பிட்டார். மலாய்க்காரர், நிதானமான குரல். ஃபெரிங்கியில் நங்கூரம் போட்டால் படகு நின்ற இடத்திலேயே ஆடும், கூட வருகிற மூதாட்டிக்கு ஆகாது என்றார். சாயங்காலம் இடிமழைக்கும் வாய்ப்பிருக்கிறதாம். அதனால் ஒரு மணி நேரம் முன்னாலேயே, 4 மணிக்கு வரச் சொன்னார். கோர்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றித் தெற்கே திரும்பி, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரெஜாக் தீவு வரை போகலாம், மேற்கே இருந்து வருகிற காற்றைக் கொடிமலையும் மற்ற மலைகளும் தடுத்துக்கொள்ளும் என்றார். "ஆனால் அஸ்தமனம் கடலில் கிடைக்காது, சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு தேதி கேட்டுத் தருகிறேன்." இரண்டு நிமிஷப் பேச்சு. ஆபீஸ் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

ஏறும்போது ஒரு குறை. ஆறு வயதுப் பேரனுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இல்லை. பெட்டியைக் குடைந்து ஒன்றை எடுத்தார்கள், அதற்கு பக்கிள் உடைந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் பட்டர்வொர்த் தமிழ்த் தம்பி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்துப் படகில் போய்க் கேட்டு வேறொன்று கொண்டுவந்து மாட்டினார். அதற்குப் பிறகுதான் கேப்டன் கயிற்றை அவிழ்க்க விட்டார். இந்த ஜாக்கெட் விஷயத்துக்குத்தான் படகுக்கு அரை மார்க் குறைத்தேன்.

கோட்டை வரை ஆட்டம்தான். 82 வயது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். "பாட்டி, கண்ண மூடுனாத்தான் தல சுத்தும். தூரத்துல கரையப் பாருங்க," என்று சொல்லி அந்தத் தம்பி இஞ்சி மிட்டாய் ஒன்றை அவர் கையில் வைத்தார். கோர்ன்வாலிஸ் கோட்டையின் கலங்கரை விளக்கைத் தாண்டித் திரும்பியதும், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி அலை நின்றது. அதற்கப்புறம் சியூ ஜெட்டியின் மரவீடுகள், எதிரே வந்த ஃபெரி.

பிறகு, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பினாங்குப் பாலம். என் வீட்டுக்காரர் 1991-இலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போனவர். மழைக்கோட்டு, டோல், எதிர்க்காற்று. மோட்டாருக்கு டோல் போனதே 2019-இல்தான். கேப்டன் நடுக் கண்ணுக்கு அடியில் போய் வேகத்தைக் குறைத்தார். மேலே வண்டிகள் இணைப்பு மூட்டுகளைத் தாண்டுகிற சத்தம் டடக், டடக் என்று வந்துகொண்டே இருந்தது. இவர் கழுத்தை நிமிர்த்தி அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தச் சத்தம் நான்தான்," என்றார். வேறெதுவும் பேசவில்லை. பாக்ஸில் கொடுத்த மீஹூன் அவர் மடியிலேயே ஆறிப்போனது.

ஜெரெஜாக்கைக் காட்டி, 1969 முதல் 1993 வரை அங்கே சிறை இருந்தது என்று தம்பி சொல்ல, அத்தை குறுக்கிட்டார். "சிறைக்கு முன்னாடியே தெரியும். எங்கப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தப்ப, அம்மை இருக்கான்னு பாக்க இங்கதான் எறக்கி வச்சாங்களாம்." கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்காத கதை. கண்ணை மூடியிருந்தவர் திரும்பும்வரை அந்தக் கரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறே முக்காலுக்கு இறங்கினோம். காரில் ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணாடியே தெரியாத மழை. 5 மணிப் படகில் போயிருந்தால் ஃபெரிங்கிக்கு வெளியே நனைந்துகொண்டிருப்போம்.

இனி ஆபீஸ். நங்கூரம் போடாததால் அடுப்பு மூட்டவில்லை, கோழி இறக்கை கரையிலேயே சுட்டு ஆறிப்போய் வந்தது. அதை விடுகிறேன். தண்ணீரில் இறக்காத கயாக்குக்கு 120 வெள்ளியைத் திருப்பிக் கேட்டால், "படகு புறப்பட்டுவிட்டால் பணம் திரும்பாது" என்கிறார்கள். நாலு மெசேஜுக்குப் பிறகு வவுச்சர் வந்தது. மூன்று மாதம்தான் செல்லும். பினாங்கில் அக்டோபர், நவம்பரில் எப்படி மழை பெய்யும் என்று படகு விடுகிறவர்களுக்குத் தெரியாதா? வானம் தெளிந்து வடக்குக் கரை அடங்குகிற நேரத்தில் வவுச்சர் செத்துப்போகும்.

நீங்கள் எடுப்பதாக இருந்தால், காசு கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழி மாறினால் யார், எத்தனை மணிக்குள் சொல்வார்கள்? பயன்படுத்தாத கூடுதல் வசதிக்குப் பணமா, வவுச்சரா? குழந்தைக்கு ஜாக்கெட் இருக்கிறதா? கேப்டனின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வவுச்சருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பேரனுக்கு ஃபெரிங்கியில் கயாக் வேண்டுமாம். இவருக்கும் அத்தைக்கும் மறுபடி தெற்கேதான் போக வேண்டுமாம்.